ஏலத்தோட்டத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் ஒரே பைக்

கேள்வி: போடிநாயக்கனூரில் வசிக்கிறேன். வயது 47, உயரம் 165 செ.மீ. வாரத்தில் மூன்று நாள் மலைமேல் இருக்கும் ஏலத்தோட்டத்துக்குப் போக வேண்டும். கடைசி ஆறு கிலோமீட்டர் கல்லும் சேறுமான ஜீப் தடம். மாதம் இருமுறை மதுரைக்கும் போய் வருகிறேன். இப்போதுள்ள 400 சிசி பைக்கின் எடை 200 கிலோவை ஒட்டும். சென்ற மழைக்காலத்தில் சரிவில் சாய்ந்துவிட்டது. தூக்கிவிட ஆள் வரும்வரை ஒரு மணி நேரம் நின்றேன். எடை குறைந்த வண்டியாக கவாசாகி கேஎல்எக்ஸ் 230 வாங்கலாமா, ஹீரோ எக்ஸ்பல்ஸ் வாங்கலாமா?

பதில்: எடையை மட்டும் பார்த்தால் கேஎல்எக்ஸ் 230-க்கே முதலிடம். 2024 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்த அந்த வண்டி 139 கிலோதான். எக்ஸ்பல்ஸ் 200 4வி ஏறக்குறைய 160 கிலோ. எக்ஸ்பல்ஸ் 210 அதைவிடச் சற்றுக் கூடுதலாக 168 கிலோ. ஆனாலும் உங்களுக்கு நான் கேஎல்எக்ஸைச் சொல்லமாட்டேன். அதன் இருக்கை உயரம் 880 மி.மீ. உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் கொஞ்சம் இறங்கும் என்றாலும், 165 செ.மீ. உயரமுள்ளவருக்குப் பெரும்பாலும் நுனிக்கால்தான் எட்டும். ஜீப் தடத்தில் வண்டி சாய்வது வேகத்தில் அல்ல; கல்லில் முட்டி நின்று, கால் ஊன்றத் தேடும்போது அந்தப் பக்கம் தரை பள்ளமாக இருக்கும் நொடியில்தான். உயரம் பொருந்தாத வண்டியில் இந்தக் கண்டம் அடிக்கடி வரும். குறைந்த எடையால் கிடைத்த நன்மையில் பாதி அங்கேயே போய்விடும். 7.6 லிட்டர் டேங்க்கும் மதுரைப் பயணத்துக்குச் சிறியது.

எக்ஸ்பல்ஸ் இரண்டிலும் இருக்கை 830 மி.மீ. அளவில்தான். இரண்டிலும் முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18 அங்குலம் என்பதால் கல்லின்மேல் ஏறி இறங்குவது எளிது. 200 4வி சுமார் 19 குதிரைத்திறன் தருகிறது. தடத்துக்கு அது தாராளம்; ஆனால் நான்குவழிச் சாலையில் லாரியை முந்தும்போது திணறும். 210-இல் 24.6 குதிரைத்திறனும், ஆறு கியர்களும், திரவக் குளிரூட்டலும் உண்டு. மாதம் இருமுறை மதுரை என்பதால் 210-ஐயே எடுங்கள். மதுரைப் பயணம் இல்லையென்றால் 200 4வி-யே போதும் என்றிருப்பேன். 200 4வி-யின் ப்ரோ வகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதன் இருக்கை 891 மி.மீ.

வாங்குமுன் மலைக்குப் போடும் காலணியுடனேயே ஷோரூமுக்குச் செல்லுங்கள். இருக்கையில் அமர்ந்தபடி வண்டியைக் காலால் பத்தடி பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். இதில் தெரியும் உண்மை எந்த விவரத்தாளிலும் கிடைக்காது. வாங்கிய பின் பின்பெட்டி மாட்டி அதில் உரமூட்டையை ஏற்றாதீர்கள். பின் அச்சுக்கு அப்பால் ஏறும் பாரம் முன்சக்கரத்தை இலேசாக்கி, ஏற்றத்தில் ஹேண்டில்பாரை அலையவிடும். சுமையை இருபுறமும் தாழ்வாகக் கட்டுங்கள்.

எந்த வண்டியும் ஒருநாள் சாயும் என்பதால், தூக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் என்ஜினை நிறுத்தி, உருளாமல் இருக்க கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்னதாகவே இறக்கிவிடுங்கள். பிறகு ஹேண்டில்பாரைத் தரைப்பக்கமாக முழுதும் திருப்பி, முதுகை இருக்கையில் சாய்த்துக் குந்தி, ஒரு கையால் பிடிப்பையும் மறுகையால் பின்சட்டத்தையும் பற்றிக்கொண்டு, இடுப்பால் அல்லாமல் தொடைவலுவால் பின்னோக்கிச் சிற்றடி வைத்து எழுங்கள். 168 கிலோ வண்டியைச் சமதரையில் இப்படித் தனியாளாக நிமிர்த்த முடியும். சரிவில் என்றால் பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள்.

கேள்வி: எக்ஸ்பல்ஸில் ட்யூப் டயர் என்கிறார்களே, காட்டுத்தடத்தில் பஞ்சரானால் என்ன செய்வது? (கூடலூர் வாசகர்)

பதில்: கல்லில் மோதினால் அலாய் சக்கரம் விரிசல் விடக்கூடும், ஸ்போக் சக்கரம் வளைந்தாலும் வீடு வந்து சேர்க்கும். எக்ஸ்பல்ஸில் இருப்பது ட்யூப் தேவைப்படும் ஸ்போக் சக்கரம்; அந்த உறுதிக்காகத்தான் ட்யூபைச் சகித்துக்கொள்கிறோம். மாற்று ட்யூப், இரண்டு டயர் லீவர், கைப்பம்பு ஆகியவை எப்போதும் வண்டியில் இருக்கட்டும். ஒருமுறை வீட்டு முற்றத்திலேயே கழற்றி மாட்டிப் பழகிவிடுங்கள். பிடிப்புக்காகத் தடத்தில் காற்றைக் குறைப்பவர்கள் மிகவும் குறைத்துவிட்டால், கல்லுக்கும் விளிம்புக்கும் இடையே ட்யூப் நசுங்கிக் கிழியும். தார்ச்சாலை ஏறியதும் பழைய அளவுக்குக் காற்றை நிரப்பிவிடுங்கள். காட்டுத்தடம் என்று நீங்கள் சொல்வது காப்புக்காட்டுக்குள் என்றால், வனத்துறை அனுமதி இல்லாமல் எந்த டயரோடும் நுழையாதீர்கள்.