ட்ரூஸ், ஆர்மிஸ்டிஸ், சீஸ்ஃபயர்: எப்படிப் பிரித்தறிவது?

ஆங்கிலப் போர்ச் செய்திகளில் வரும் இந்த மூன்று சொற்களுக்கும் அகராதி ‘போர்நிறுத்தம்’ என்றே சொல்கிறது, வித்தியாசம் மனத்தில் நிற்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு சொல்லையும் ஒரு நிகழ்வோடு முடிச்சுப் போட்டு வையுங்கள்.

முதல் உலகப் போரில், 1914 கிறிஸ்துமஸ் சமயத்தில், மேற்குப் போர்முனையின் பல இடங்களில் பிரிட்டிஷ், ஜெர்மன் வீரர்கள் தாங்களாகவே சுடுவதை நிறுத்தி, பதுங்குகுழியை விட்டு ஏறி வந்து கைகுலுக்கினார்கள். அது ட்ரூஸ், தற்காலிக ஓய்வு. கொரியாவில் 1953 ஜூலை 27 அன்று கையெழுத்தானது ஆர்மிஸ்டிஸ். சண்டை நின்றது, ஆனால் பீஸ் ட்ரீட்டி, அதாவது சமாதான உடன்படிக்கை, இன்றுவரை இல்லை. சீஸ்ஃபயர் பொதுச்சொல்: சுடுவதை நிறுத்துவது, அவ்வளவுதான்.

அப்புறம், வினையையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். சீஸ்ஃபயர் ‘ஹோல்ட்’ ஆகும் (நிலைக்கும்), இல்லையென்றால் ‘கொலாப்ஸ்’ ஆகும் (முறிந்துபோகும்). பழகுவதற்குத் தினம் ஒரு போர்ச் செய்தி வாசித்தால் போதும். சாவுக்கணக்கையே வாசித்துக்கொண்டிருந்தால் மனம் தாங்காது.