பொது இடம் வைத்தால் வீட்டின் விலை ஏறுமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீடு பற்றியவை. அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: பொதுக்கூடம், துணி துவைக்கும் அறை, முற்றம் என்று எல்லோருக்குமாகக் கட்டினால் அந்தச் செலவும் வீடு வாங்குபவர் தலையில்தானே விழும்? அப்புறம் அது எப்படிக் குறைந்த விலை வீடு?

பதில்: வீடுகளைக் கொஞ்சமும் சுருக்காமல், அதற்கு மேல் ஒரு கிளப் ஹவுஸையும் நீச்சல் குளத்தையும் கட்டினால் கண்டிப்பாக விழும். விளம்பரங்களில் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் இந்த ரகம்தான். நான் சொல்வது வேறு கணக்கு. எப்போதோ வரும் விருந்தாளிக்காக ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறை, வாரத்தில் சில மணி நேரம் மட்டும் ஓடும் வாஷிங் மெஷினுக்காக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மூலை என்று ஒதுக்குகிறோமே, அதையெல்லாம் வீட்டிலிருந்து எடுத்துப் பொதுவில் வைத்தால் வீடு சிறிதாகும், வசதி குறையாது. பார்சிலோனாவில் 2018-ல் கட்டி முடித்த லா போர்டா கூட்டுறவுக் குடியிருப்பில் 28 வீடுகள். சமையலறையுடன் கூடிய பொது உணவுக்கூடம், துணி துவைக்கும் இடம், விருந்தினர் அறைகள் எல்லாம் நடு முற்றத்தைச் சுற்றி எல்லோருக்கும் பொது. அவர்கள் நிலத்தை விலைக்கு வாங்கவில்லை, மாநகராட்சி நிலத்தை 75 வருடக் குத்தகைக்கு எடுத்தார்கள். கட்டடத்துக்கு அடியில் கார் நிறுத்துமிடமும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். செலவு குறைந்ததற்கு இந்த இரண்டும் முக்கியக் காரணம். ஒரு காரை நிறுத்த, அது உள்ளே வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால், 25 முதல் 30 சதுர மீட்டர் போய்விடும். அது கிட்டத்தட்ட ஒரு சிறிய வீடு. மலிவு வீடு கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஒரு கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்று விதி போடுகிறவர்களிடம் இந்தக் கணக்கை யாராவது காட்ட வேண்டும்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பொதுக்கூடம் இருக்கிறது, ஆனால் எப்போதும் பூட்டியே கிடக்கிறது. திறந்தால் யார் பெருக்குவது என்று சண்டை. பேசாமல் அந்த இடத்தில் இரண்டு வீடு கட்டியிருக்கலாம் இல்லையா?

பதில்: அந்தக் கூடம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பின்பக்க மூலையிலோ மேல்மாடியிலோதான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். வேறு எதற்கும் உதவாத இடத்தைப் பொது இடம் என்று பெயர் சூட்டிக் கொடுப்பது வரைபட மேஜையில் அடிக்கடி நடக்கிற வேலை. தினமும் வீட்டுக்குப் போகிற வழியில், படிக்கட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் இருந்தால்தான் ஜனம் நிற்கும்.

அடுத்தது எண்ணிக்கை. நவி மும்பையின் பேலாப்பூரில் 1980-களில் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா அமைத்த குடியிருப்பில், ஏறக்குறைய 8 மீட்டருக்கு 8 மீட்டர் உள்ள ஒரு முற்றத்தைச் சுற்றி ஏழே வீடுகள்; அப்படி மூன்று வீட்டுத் தொகுப்புகள் சேர்ந்தால் அதைவிடக் கொஞ்சம் பெரிய முற்றம் ஒன்று. ஏழு வீட்டுக்குள் குப்பை போட்டது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இருநூறு வீட்டுக்கு ஒரு கூடம் என்றால் அது யாருடையதும் இல்லை.

எதிர்ப்பக்கத்துக்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இருந்த ப்ரூயிட்-ஐகோ என்ற அரசுக் குடியிருப்பைச் சொல்லலாம். 11 மாடியில் 33 கட்டடங்கள், லிஃப்ட் மூன்று மாடிக்கு ஒரு முறைதான் நிற்கும், நிற்கிற மாடியில் அகலமான தாழ்வாரமும் துணி துவைக்கும் அறையும் வைத்தார்கள், மக்கள் அங்கே கூடுவார்கள் என்று எண்ணி. மக்கள் அங்கே போகவே பயந்தார்கள். பராமரிப்புச் செலவு முழுக்க வாடகையிலிருந்தே வர வேண்டும் என்று வைத்திருந்ததால், வீடுகள் காலியாகக் காலியாகப் பணமும் வற்றி, 1972-ல் இடிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு, வடிவமைப்பின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. ஆனாலும் எந்த வீட்டு ஜன்னலும் பார்க்காத தாழ்வாரத்தை யார் காவல் காப்பார்கள்?

சரி, உங்கள் கூடத்துக்கு வருவோம். சண்டை பெருக்குவதைப் பற்றியது என்றால், முதலில் அங்கே ஏதாவது தினசரி வேலை நடக்க ஏற்பாடு செய்யுங்கள்: மாலையில் பிள்ளைகள் படிக்க, பகலில் வயதானவர்கள் உட்கார. பூட்டைத் திறந்தாலே தூசி பாதி போய்விடும்.

கேள்வி: பசுமை வீடு என்றால் சோலார் தகடு போட்ட வீடுதானே?

பதில்: சோலார் கடைசியில். முதலில் மேற்கு வெயில் நேராக அடிக்காத சுவர், எதிரெதிர் ஜன்னல், நிழல். வெப்பமான ஊர்களில் இந்த மூன்றும் சரியாக அமைந்தால் மின்விசிறியும் ஏசியும் ஓடும் நேரம் குறையும், இதற்குத் தனியாகப் பெரிய செலவும் இல்லை. அடுத்து, என்ன பொருளால் கட்டுகிறோம் என்பது: உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பால் வருகிறது. குறைந்த செலவு வீடுகளுக்குப் பேர்போன கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு என்ற சுவர் முறையில் செங்கலைச் செங்குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவார்கள். சுமார் கால்வாசிச் செங்கல் மிச்சம், கலவையும் குறைவு, உள்ளே நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும்.

கேள்வி: கட்டடக்கலை மாணவி நான். கையில் இருக்கும் பணத்துக்குச் சிறிய முழு வீடு கட்டுவதா, நல்ல அளவில் பாதி வீடு கட்டுவதா?

பதில்: பாதி வீடு, ஆனால் எந்தப் பாதி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிலியின் இக்கீக்கே நகரில் எலிமென்டல் என்ற கட்டடக் கலைஞர் குழு 2004-ல் முடித்த கின்டா மொன்ராய் குடியிருப்பில், சாதாரணக் குடும்பத்தால் தானாகச் செய்ய முடியாத பகுதிகளை, அதாவது கட்டமைப்பு, குளியலறை, சமையலறை, படிக்கட்டு, முதலில் கட்டிக் கொடுத்தார்கள். பக்கத்திலேயே அதே அளவு வெற்றிடத்தை விட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மக்களே அதை நிரப்பிக்கொண்டார்கள். இருபது குடும்பம் போல ஒரு முற்றத்தைப் பகிர்ந்தது. இந்தூரின் ஆரண்யா குடியிருப்பில் கட்டடக் கலைஞர் பி. வி. தோஷி அதற்கும் முன்பே இந்த வழியில் போயிருக்கிறார், அந்தத் திட்டம் 1995-ல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. ஒன்று மட்டும் கவனம்: விரிவாக்கத்துக்கு இடம் எது, பொது முற்றம் எது என்று முதல் நாளே கட்டடத்தாலேயே எல்லை போடுங்கள். காகிதத்தில் போட்ட கோட்டை அடுத்த தலைமுறை மதிக்காது.

கேள்வி: பராமரிப்புக் கட்டணம் தராதவர்களை என்ன செய்வது?

பதில்: பொது மோட்டாருக்கும் விளக்குக்கும் தனி மீட்டர் வையுங்கள், கணக்கை மாதாமாதம் வாசலில் ஒட்டுங்கள், பாதிப் பேர் அதற்கே தந்துவிடுவார்கள். லிஃப்ட், பம்ப், கூரை பழுதுக்கான நிதியைக் குடியேறிய முதல் மாதத்திலிருந்தே சேர்க்க வேண்டும், புதுக் கட்டடத்தில் எதுவும் கெடாது என்பதால் எல்லோரும் இதைத்தான் தள்ளிப்போடுகிறார்கள். மீதிப் பேருக்கு வக்கீலைப் பாருங்கள், என்னிடம் மருந்து இல்லை.