மேசையில் தட்டிக் காட்டுங்கோ: இளவயது நெஞ்சு படபடப்பு, சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நெஞ்சு படபடப்பைப் பற்றியவை. எழுதியவர்களில் அநேகர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள். ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரித்தான் தொடங்கியிருக்கிறார்கள்: "ஈசிஜி எடுத்தேன், நார்மல் என்கிறார்கள்."

ஈசிஜி காகிதத்தில் இதயத்தின் மின்துடிப்பு பதிவாவது வெறும் பத்து விநாடி. அந்த நேரத்தில் படபடப்பு இல்லையென்றால், நேற்றிரவு என்ன நடந்தது என்று காகிதத்துக்கு எப்படித் தெரியும்? அதனால் என்னிடம் வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது: எப்படித் தொடங்கியது, எப்படி நின்றது? அப்புறம், "அந்த அடியை மேசையில் விரலால் தட்டிக் காட்டுங்கோ" என்பேன். வெட்கப்பட்டுக்கொண்டு தட்டுவார்கள். பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

*உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறேன். இரவு படுத்ததும் நெஞ்சு ஒரு அடி விட்டுப்போகிறது. பிறகு 'தொம்' என்று ஒன்று பலமாக அடிக்கிறது. பயத்தில் நித்திரை வருவதில்லை. (கொக்குவில், 18)*

தம்பி, அடி விட்டுப்போகவில்லை. ஒரு அடி நேரத்துக்கு முந்தி விழுகிறது. அது பலமில்லாதது, உங்களுக்குத் தெரியாது. அதன் பிறகு இதயம் கொஞ்சம் பொறுக்கிறது. அந்த இடைவெளியில் வழமையை விடக் கூடுதலாக இரத்தம் நிரம்பிவிடும். அதைத் தள்ளுகிற அடுத்த அடிதான் உங்கள் 'தொம்'. தவில் கேட்டு வளர்ந்த ஊர்க்காரருக்கு இது எளிதாக விளங்கும்: வலந்தலையில் ஒரு சொல்லை முந்திப் போட்டுவிட்டு, ஒரு கணம் நிறுத்தி, தொப்பியில் ஓங்கி ஒரு அடி.

நலமாக இருப்பவர்களுக்கு 24 மணி நேரம் பதிவு எடுத்துப் பார்த்தாலும் பலரில் இந்த முந்திய அடிகள் இருக்கும். பகலில் சத்தத்துக்குள் தெரிவதில்லை. இரவில், அதிலும் இடப்பக்கம் சரிந்து படுத்தால், இதயம் நெஞ்சுச் சுவரோடு ஒட்டி நிற்பதால் நன்றாகத் தெரியும்.

ரியூசன் முடிந்து வந்து எத்தனை மணிக்குத் தேத்தண்ணி குடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. நானே ஊகிக்கிறேன்: பதினொரு மணிக்கு ஒன்று, ஒரு மணிக்கு இன்னொன்று. ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் சுமார் 40 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். 250 மில்லிலீற்றர் எனர்ஜி ட்ரிங்கில் சுமார் 80. குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரமளவு எடுக்கும். பின்னேரத்துக்குப் பிறகு அதை விட்டு, இரண்டு கிழமை ஒழுங்காக நித்திரை கொண்டு பாருங்கள். ஒரு முறை ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் செய்தால் போதும். இந்த அடிகள் தொடராக வந்தால், தலைசுற்றினால், கட்டாயம் காட்டுங்கள்.

*இருந்தாற்போல் நெஞ்சு வேகமாக அடிக்கத் தொடங்கும். பத்து, இருபது நிமிடம். பிறகு சட்டென்று நிற்கும். மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போனேன், போய்ச் சேர முதல் நின்றுவிட்டது. "பிள்ளை கனக்க யோசிக்கிறீர்" என்று அனுப்பிவிட்டார்கள். (சுன்னாகம், 25)*

உங்கள் கேள்வியில் எனக்கு வேண்டிய சொல் 'சட்டென்று'. பதற்றத்தால் வரும் படபடப்பு ஏறி இறங்கும். மெல்லக் கூடி, பத்து நிமிடமளவில் உச்சத்துக்கு வந்து, ஆறுதலாக அடங்கும். வாயைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் விறைக்கும், மூச்சுப் போதாததுபோல இருக்கும். உங்களுடையது சுவிட்சைப் போட்டு அணைத்த மாதிரி. இது பெரும்பாலும் எஸ்விடி என்று நாங்கள் சொல்வது, இதயத்தின் மின்வழியில் வரும் ஒரு கோளாறு.

இதயத்தின் மேலறைகளில் இருந்து கீழறைகளுக்கு மின்துடிப்பு இறங்குவதற்கு ஒரு பெரிய வீதி உண்டு. சிலருக்குப் பிறப்பிலேயே பக்கத்தில் ஒரு குறுக்கு ஒழுங்கையும் இருக்கும். வீதியால் இறங்கிய துடிப்பு ஒழுங்கையால் மேலே திரும்பி, மறுபடி வீதியால் இறங்கி, வட்டமடிக்கத் தொடங்கினால் இதயம் நிமிடத்துக்கு 150 முதல் 220 வரை அடிக்கும். நெஞ்சு 180இல் ஓடும்போது யாருக்குத்தான் பயம் வராது? அந்தப் பயத்தைக் கண்டு அதுவே காரணம் என்று எழுதிவிடுகிறோம், அதுவும் நோயாளி இளம்பெண் என்றால் இன்னும் விரைவாக. ஆரம்ப காலத்தில் நானும் அப்படி எழுதியவன்தான்.

அடுத்த முறை வரும்போது பெரிய ஆஸ்பத்திரி என்று யாழ்ப்பாணம் வரை ஓடாதீர்கள். உங்களுக்குக் கிட்ட தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை இருக்கிறது. நிற்பதற்கு முதல் ஒரு ஈசிஜி எடுப்பதுதான் நோக்கம். அந்த ஒரு காகிதம் கிடைத்தால் மிச்சமெல்லாம் எளிது. அதைப் போனில் படமெடுத்து வைத்திருங்கள். பழைய 'நார்மல்' ஈசிஜிகளையும் கொண்டுபோங்கள். 1930இல் வுல்ஃப், பார்க்கின்சன், வைட் என்ற மூவர் விவரித்த ஒருவகை ஒழுங்கை, படபடப்பு இல்லாத நேரத்து ஈசிஜியிலும் சிறிய சரிவாகத் தெரியும். அவசரத்தில் பார்த்தால் கண்ணுக்குத் தப்பிவிடும்.

நிறுத்துவதற்கு ஒரு வழி உண்டு. பாதி சாய்ந்து இருந்து, 10 மில்லிலீற்றர் சிரிஞ்சின் வாயில் ஊதுங்கள், உள்ளேயிருக்கும் தண்டு மெல்ல அசையுமளவுக்கு, 15 விநாடி. உடனே தட்டையாகப் படுக்க, பக்கத்தில் இருப்பவர் இரண்டு காலையும் சரிவாக உயர்த்தி 15 விநாடி பிடிக்க வேண்டும். 2015இல் இங்கிலாந்தில் செய்த ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் 100க்கு 43 பேருக்கு நின்றது. காலை உயர்த்தாமல் பழைய முறையில் ஊதியவர்களில் 17 பேருக்குத்தான். முதல் தடவை டொக்டர் முன்னிலையில் பழகிக்கொள்ளுங்கள். அடிக்கடி வந்து தொந்தரவு தந்தால், தொடை இரத்தக்குழாய் வழியாகக் கம்பி செலுத்தி அந்த ஒழுங்கையையே சுட்டு அடைக்கலாம். கொழும்பில் செய்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதோடு முடிந்துவிடும்.

*கனடாவில் இருக்கும் அண்ணா ஒரு ஸ்மார்ட் வாட்ச் அனுப்பினார். இரவில் 48 காட்டுகிறது, படியேறினால் 130. எது பிழை? (நல்லூர், 23)*

இரண்டும் சரி. நித்திரையில் 48 இளைஞருக்குச் சாதாரணம், படியேறினால் 130உம் சாதாரணம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையைப் பார்ப்பதுதான் கவலை.

*படபடப்புக்கு அம்மாவின் புரொப்ரனலோல் குளிசையில் பாதி போடலாமா? எனக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருக்கிறது, பம்ப் பாவிக்கிறேன். (சாவகச்சேரி, 20)*

வேண்டாம், தங்கச்சி. பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். அது இதயத் துடிப்பைக் குறைக்கிற குளிசைதான், ஆனால் தொய்வுக்காரருக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். சல்பியூட்டமோல் பம்பும் இதயத்தை விரைவாக அடிக்க வைக்கும், அதனால் உங்கள் படபடப்பு பம்ப் அடித்த பிறகு வருகிறதா என்று பாருங்கள். பம்ப் அடிக்கடி தேவைப்படுகிறதென்றால் தொய்வு கட்டுப்பாட்டில் இல்லை. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

*கம்பஸில் இரண்டாம் மாடி ஏறினாலே நெஞ்சு இடிக்கிறது, களைக்கிறது. மாதவிடாய் ஏழெட்டு நாள் போகும். (திருநெல்வேலி, 22)*

கண்ணாடி முன் நின்று கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் இரத்தம் குறைவு என்று சந்தேகிக்கலாம். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் பெண்களுக்கு அது இரத்தசோகை. ஒட்சிசன் சுமக்க ஆள் குறைந்தால், இருக்கிற ஆட்களை இதயம் வேகமாக ஓட வைக்கிறது. அதுதான் இடி.

சோற்றுக்குப் பின்னால் உடனே தேத்தண்ணி குடிக்கும் எங்கள் வழக்கம் இங்கே எதிரி. சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தைத் தேத்தண்ணி உறிஞ்ச விடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். இரும்புக் குளிசை தந்தால் தேசிக்காய்த் தண்ணியோடு போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். இரத்தம் ஏறின பிறகும் மூன்று மாதமளவு தொடர வேண்டும், இடையில் விடுகிறவர்கள்தான் அதிகம். மாதவிடாய்க்கும் சேர்த்து வைத்தியம் பாருங்கள், இல்லாவிட்டால் ஓட்டை வாளியில் தண்ணி நிரப்பும் கதை. நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறீர்கள், கை நடுங்குகிறது, வியர்க்கிறது என்றால் தைரொயிட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

*கந்தசஷ்டிக்குத் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருந்தேன். நாலாம் நாள் எழும்பினால் கண் இருட்டி நெஞ்சு அடித்தது. (இணுவில், 21)*

உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால், எழும்பும்போது இரத்தம் காலுக்கு இறங்கும், இதயம் அதை ஈடுசெய்ய ஓடும். மெல்ல எழும்புங்கள், அடுத்த வருடம் பாலும் பழமுமாவது எடுங்கள். விரதம் முடிந்த பின்னும் இதே மாதிரி இருந்தால் வந்து காட்டுங்கள்.

*உதைபந்தாட்டம் விளையாடும்போது ஒரு தடவை நெஞ்சு அடித்து மயங்கி விழுந்தேன். வெயில் என்று விட்டுவிட்டோம். மாமா ஒருவர் 34 வயதில் நித்திரையிலேயே இறந்தார். அடுத்த மாதம் போட்டி இருக்கிறது. (குருநகர், 19)*

போட்டிக்குப் போகக் கூடாது. பயிற்சிக்கும் கூடாது. ஓட்டத்தின் நடுவே மயங்குவதும், குடும்பத்தில் நாற்பதுக்கு முன் திடீர் மரணமும் சேர்ந்தால் அதை வெயிலின் தலையில் போட முடியாது. இதயத் தசை பரம்பரையாகத் தடிக்கும் நோய், மின்னோட்டக் கோளாறு இரண்டையும் பார்க்க வேண்டும். ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்) இரண்டும் இந்தக் கிழமையே. அதற்குள் மறுபடி மயக்கமோ நெஞ்சு நோவோ வந்தால் ஓட்டோ தேடாமல் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

*மகளுக்கு 26. படபடப்பும் இளைப்பும் இருக்கிறது. கலியாணம் பேசுகிறோம். இருதய கிளினிக்கில் கண்டால் ஊர் கதைக்கும். கலியாணம் முடிந்த பிறகு காட்டலாமா? (பருத்தித்துறையில் இருந்து ஒரு தாய்)*

அம்மா, உங்கள் பயம் விளங்குகிறது. ஆனால் கலியாணத்துக்குப் பிறகு பிள்ளைப்பேறு வரும். கர்ப்பத்தில் உடம்பின் இரத்த அளவு ஏறக்குறைய அரைவாசி கூடும், இதயத் துடிப்பும் நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை ஏறும். சிறுவயதில் ருமற்றிக் காய்ச்சலால் (மூட்டையும் இதய வால்வையும் தாக்கும் காய்ச்சல்) சுருங்கிய வால்வு, அதுவரை சத்தம் போடாமல் இருந்துவிட்டு அந்த நேரத்தில்தான் முட்டும். முன்கூட்டியே தெரிந்தால் செய்ய எவ்வளவோ இருக்கிறது. கிளினிக் வாசலில் யாராவது கேட்டால் உங்களுக்குப் பிரஷர் பார்க்க வந்ததாகச் சொல்லுங்கள்.

வரும்போது ஒன்றை யோசித்து வாருங்கள்: சின்ன வயதில் மகளுக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா, மாதம் ஒரு பெனிசிலின் ஊசி போடச் சொன்னார்களா, அதை எந்த வயதில் நிறுத்தினீர்கள்? பழைய கிளினிக் கொப்பி அலுமாரியில் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.