ஆட்டுக்கிடையிலிருந்து மீட்கப்பட்ட சிறுவனுக்கு ஊர்க்காரர்கள் என்ன செய்யலாம்?

எங்கள் ஊர்ப் பையன் ஒருவனை, அவன் கொத்தடிமையாக ஆடு மேய்த்த கிடையிலிருந்து (வயலில் மந்தையை மறித்துவைக்கும் இடம்) மீட்டுக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், அவன் திரும்பப் போகாமலிருக்க என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் வீட்டுக் கடனைப் பாருங்கள். காவிரி டெல்டாவில் பிள்ளைகள் கீதாரியிடம், அதாவது மந்தையை நடத்துகிறவரிடம், போய்ச் சேருவது பெரும்பாலும் பெற்றவர்கள் வாங்கிய முன்பணத்துக்காகத்தான். 2018 கஜா புயலில் கூரையும் கூலிவேலையும் போன குடும்பங்கள் பிள்ளைகளை அப்படி விட்ட செய்திகள் அப்போதே வந்தன. பையன் வந்து சேர்ந்ததும் பணத்தைக் கேட்டு ஆள் வரும். அப்பா அவனையே திரும்ப அனுப்புவார், இல்லையென்றால் தம்பியை.

1976 கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் ரத்து. அதற்காகப் பணம் வாங்கினால் வாங்குகிறவருக்குத்தான் தண்டனை. இதற்குக் கையில் இருக்கவேண்டியது ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தரும் விடுதலைச் சான்றிதழ். மீட்ட அன்றைய பரபரப்பில் இதை விட்டுவிடுவது உண்டு, விசாரித்து வாங்குங்கள். உடனடி உதவி 30,000 ரூபாய் வரை, சிறுவர்களுக்கான மறுவாழ்வுத் தொகை 2 லட்சம் என்பதெல்லாம் இதை வைத்துத்தான். பெரிய தொகை கைக்கு வர நாளாகும், அதை நம்பி வட்டிக்கு வாங்கிவிடப் போகிறார்கள்.

அடுத்தது பள்ளிக்கூடம். இடைநின்ற பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்சி மையத்தில் பாடம் எடுத்தவள் நான். கிடையிலிருந்து வந்த ஒரு பையனுக்கு எழுதிய எண் ஒன்றும் தெரியாது. ஆனால் வாசலில் ஒரு மந்தை போனால், குட்டிகளையும் சேர்த்து இத்தனை என்று சொல்லிவிடுவான். கணக்கை அங்கிருந்துதான் தொடங்கினேன். எழுத்துக்கு மாதக்கணக்கில் ஆனது. மதியம் தட்டைக் கையில் ஏந்தி, நின்றபடியே சாப்பிடுவான். உட்காரச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை, கொஞ்ச நாளில் தானே பந்தியில் வந்து உட்கார்ந்தான்.

கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, பின்தங்கியதற்குத் தனிப் பயிற்சி தரவேண்டும். டி.சி. இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது. பன்னிரண்டு வயதுப் பையனை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் ஒரு வாரம் தாங்கமாட்டான். "ஏய் ஆட்டுக்காரா" என்று கூப்பிடுவதை முதல் நாளே நிறுத்துவது ஆசிரியர் வேலை.

தயவுசெய்து சால்வை போட்டுப் போட்டோ எடுக்காதீர்கள். அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். "அங்கே அடிச்சாங்களா?" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்பதும் வேண்டாம், அதைக் கேட்கக் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. ராத்திரி அலறுகிறான், படுக்கையை நனைக்கிறான் என்றால் அவர்கள் மூலமாகவே ஆலோசகரைக் கேளுங்கள். யாராவது மறுபடி கூட்டிப்போக வந்தால் உடனே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள்.

வயது 14 தாண்டிவிட்டதே என்று தலைமையாசிரியர் தயங்கினால், எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை இலவசமாகப் படிக்கக் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இடமிருக்கிறது, எடுத்துக் காட்டுங்கள்.