ஆம்ப்ராக்சால் சிரப் பார்க்கின்சனுக்கு கேக்குமா? – வாசகர் கேள்வி-பதில்

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல ஆம்ப்ராக்சால் பத்தி தான், அதனால அதுலயே ஆரம்பிக்கிறேன்.

மேடம், அப்பாவுக்கு பார்க்கின்சன். இருமல் சிரப்ல இருக்கற ஆம்ப்ராக்சால் இதுக்கு நல்லதுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு, கடைல வாங்கி குடுக்கலாமா?

வேண்டாம்மா, தயவுசெஞ்சு வேண்டாம். ஆனா வந்த சேதி முழுப் பொய்யும் இல்ல. நம்ம செல்லுக்குள்ள குப்பைய உடைச்சு கரைக்கற இடம் லைசோசோம், அங்க குளுக்கோசெரிப்ரோசிடேஸ்னு ஒரு என்சைம் ஒரு வகை கொழுப்ப உடைக்குது. அதுக்கான ஜீன் ஜிபிஏ1. ரெண்டு காப்பியும் பழுதானா குழந்தைலயே கூட கௌஷேர் நோய் வரலாம், ஒண்ணு மட்டும் பழுதுன்னா அந்த நோய் வராது, ஆனா வயசானப்புறம் பார்க்கின்சன் வர்ற வாய்ப்பு கூடுது (எல்லாருக்கும் வந்துடாது). கௌஷேர் குழந்தைகளோட குடும்பத்துல பெரியவங்களுக்கு கை நடுக்கம் இருக்கேன்னு டாக்டருங்க கவனிச்சதுல தான் இந்த தொடர்பே வெளிய வந்துச்சு. ஆம்ப்ராக்சால் என்ன பண்ணுதுன்னா, சரியா மடியாத அந்த என்சைம தாங்கிப் புடிச்சு லைசோசோம் வரைக்கும் கொண்டு சேக்குது. லண்டன்ல 17 பேருக்கு குடுத்து பாத்து 2020ல ரிசல்ட் போட்டாங்க, மருந்து மூளைய சுத்தி இருக்கற நீர் வரைக்கும் போயிருந்துச்சு, அங்க என்சைம் புரதத்தோட அளவும் கூடியிருந்துச்சு. ஆனா ஒப்பிட்டுப் பாக்க டம்மி மாத்திரை குரூப் அதுல கிடையாது, அதுக்குத்தான் இப்ப பிரிட்டன்ல பெரிய ட்ரயல்.

இன்னொண்ணு, அவங்க குடுத்தது ஒரு நாளைக்கு 1,260 மில்லிகிராம், இருமலுக்கு பெரியவங்க எடுக்கறது 90 மில்லிகிராம் பக்கம். அந்த அளவ சிரப்ல எட்டணும்னா பாட்டில் பாட்டிலா குடிக்கணும், நம்ம ஊர் சிரப் பலதுல சல்பூட்டமால், டெர்பூட்டலின் கலந்திருக்கும், அது நடுக்கத்தயும் நெஞ்சு படபடப்பயும் கூட்டிவிடும்.

அல்சைமர்ல அமிலாய்டு தான் பிரச்சனைன்னா அத உருவாக்கற என்சைம நிறுத்திட்டா போதாதா?

அமிலாய்டுங்கறது அல்சைமர்ல மூளைல படியற ஒரு புரதம். இதையே தான் எல்லாரும் நம்பினோம். 1999ல அமிலாய்ட உருவாக்கற பேஸ்1 என்சைம கண்டுபுடிச்சாங்க, அப்புறம் 2012ல ஐஸ்லாந்துல ஒரு அரிய ஜீன் மாற்றம் கிடைச்சுது, அது இருக்கறவங்களுக்கு பிறவியிலயே அமிலாய்டு கம்மியா உருவாகுது, அல்சைமரும் அரிதா தான் வருது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? பேஸ்1 என்சைம தடுக்கற வெருபெசெஸ்டாட் மருந்து அமிலாய்ட நல்லாவே குறைச்சுது, ஆனாலும் 2017லயும் 2018லயும் ட்ரயல நிறுத்திட்டாங்க, ஆரம்ப கட்டத்துல இருந்தவங்களுக்கு ஞாபகசக்தி இன்னும் மோசமாச்சு. 2019 முடியறதுக்குள்ள இதே வகை மத்த மருந்துகளும் நின்னுபோச்சு. காரணம், பேஸ்1 அமிலாய்டுக்காக மட்டும் இருக்கற கத்திரி இல்ல, நரம்புங்க ஒண்ணோட ஒண்ணு பேசறதுக்கு தேவையான வேற புரதங்களயும் அது தான் வெட்டுது. நம்பிக்கையோட பேர் குடுத்த அந்த நோயாளிகள நினைச்சா எனக்கு இன்னும் மனசு கனக்குது. ஐஸ்லாந்துக்காரங்களுக்கு வாழ்நாள் பூரா கொஞ்சமா குறைஞ்சிருந்துச்சு, நாம எழுபது வயசுல பெருமளவு அடைச்சோம், அது ரெண்டும் ஒண்ணில்ல.

அம்மாவுக்கு அல்சைமர், டோனெபெசில் மாத்திரை குடுத்திருக்காங்க. குணமாயிடுமா?

குணமாகாது. ஞாபகத்துக்கு வேண்டிய அசிட்டைல்கோலின்ங்கற மூளை ரசாயனத்த உடைக்கற என்சைம தடுத்து, இருக்கறத கொஞ்ச காலம் தாக்குப்புடிக்க வைக்குது, அவ்ளோதான், ஆனா சில வீடுகள்ல அதுவே பெரிய விஷயம். நாடித்துடிப்பு குறையுதா, தலைசுத்தி விழறாங்களான்னு பாருங்க, ராத்திரி பயங்கர கனவு வந்தா காலைல மாத்திக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

பார்க்கின்சனுக்கு பூனைக்காலி பொடி குடுக்கலாமா?

அந்த விதைல நிஜமாவே லெவோடோபா இருக்கு, பார்க்கின்சன் மாத்திரைல இருக்கறதும் அதே தான், மூளைக்குள்ள போய் டோபமின்ங்கற ரசாயனமா மாறித்தான் வேலை செய்யும். ஆனா தனியா போனா மூளைக்கு போறதுக்கு முன்னாடியே ஒரு என்சைம் அத டோபமினா மாத்திடும், குமட்டல் வரும், அத தடுக்கத்தான் மாத்திரைல கார்பிடோபா சேக்கறாங்க. பொடில எவ்ளோ இருக்குன்னு ஒவ்வொரு டப்பாவுக்கும் மாறும், மாத்திரையோட சேந்தா டோஸ் எகிறிடும். ஏற்கனவே சாப்பிடறீங்கன்னா மறைக்காம அந்த டப்பாவையே டாக்டர்கிட்ட எடுத்துட்டு போங்க, திட்டுவாங்கன்னு பயந்துட்டு இருக்காதீங்க.