மகள் சட்ட மருத்துவம் கேட்கிறாள், காணியை ஈடு வைக்காதீர்கள்

அன்புள்ள அம்மா,

எம்.பி.பி.எஸ். முடித்த மகள் இனிச் சட்ட மருத்துவம்தான், அதாவது உடலையும் காயங்களையும் சோதித்து நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் மருத்துவம்தான் என்று நிற்கிறாள், உங்களுக்கு நித்திரையே வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் விளங்குகிறது. ஆனால் உங்கள் தமையனார் சொல்வதுபோல் வீட்டுக் காணியை ஈடு வைத்து அவளை லண்டன் சோதனைகளுக்கு அனுப்புவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இருதய சிகிச்சை, சத்திர சிகிச்சை பற்றியெல்லாம் ஊரே உங்களுக்குச் சொல்லும்.

அவள் கேட்கும் வேலை என்ன என்று நான் சொல்கிறேன், பாருங்கள். முன்கையிலும் உள்ளங்கையிலும் வெட்டு இருந்தால், செத்தவர் தடுக்கப் பார்த்திருக்கிறார். கழுத்துத் தடம் காதுப்பக்கமாக மேலேறினால் தூக்கு. கிடையாகச் சுற்றியிருந்தால் யாரோ நெரித்தார்களா என்று தேட வேண்டும். எரிந்த உடலின் மூச்சுக்குழாயில் கரி இல்லையென்றால், தீ மூளுமுன்பே உயிர் போயிருக்கலாம். வன்னிக் காட்டோரம் காலில் வெடி பட்டுக் கிடப்பவர், பன்றிக்குக் கட்டிய கட்டுத்துவக்கில் மாட்டினாரா, ஆள் சுட்டதா? காயத்தின் உயரமும் கோணமும் சொல்லும். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவில் கொலையா, 297இல் அதற்குக் குறைந்த குற்றமா என்பது பல வழக்குகளில் இந்தச் சாட்சியத்தில் தங்கியிருக்கிறது. மன்னாரில் சதொச கடை வளாகத்து மனிதப் புதைகுழியை 2018இல் அகழ்ந்ததும் சட்ட வைத்திய அதிகாரியின் தலைமையில்தான்.

"பிணம் அறுக்கிறவளை ஆர் கட்டுவினம்?" என்று மாமி கேட்டாவாம். மாமிக்குச் சொல்லுங்கள்: இந்த டொக்டரிடம் உயிருள்ளவர்களும் வருவார்கள். அடிவாங்கிய மனைவி, துஷ்பிரயோகத்துக்கு ஆளான சிறுபிள்ளை, காவலில் சித்திரவதைப்பட்டவர். அந்தப் பிள்ளை தமிழில் விக்கி விக்கிச் சொல்வதைத் தமிழிலேயே கேட்டு எழுத ஆள் வேண்டாமா?

செலவுக்கு வருவோம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின்படிப்பு மருத்துவ நிறுவகத்தில் இதற்கு எம்.டி. என்ற மேற்பட்டம் உண்டு. அரச சேவையில் இருந்தபடி, சம்பளத்தோடு படிக்கலாம். தனியார் வருமானம் இருதய நிபுணருக்கு வருவதுபோல் வராது. நீதிமன்ற வாசலில் நாள் கழியும், இடமாற்றமும் வரும். எல்லாம் தெரிந்துதான் கேட்கிறாள். படிக்கப்போவது அவள், மச்சான்மாரின் பட்டங்களை அவள் முன் எடுக்காதீர்கள்.

காணி உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும். உள்ளகப் பயிற்சிக்குப் பிறகு எத்தனை காலம் சேவை செய்தால் தெரிவுப் பரீட்சை எழுதலாம் என்று அவளையே நிறுவகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். தமையனாரை என்னோடு கதைக்கச் சொல்லுங்கள்.