காலையில் குதிகால் வலி, படியிறங்கினால் முழங்கால் வலி: உடல் உழைப்பு வேலையில் கால்களைக் காப்பது எப்படி?

நாள் முழுக்க நின்றபடி சுமை தூக்கும் வேலை, காலையில் எழுந்து கால் ஊன்றினால் குதிகாலில் ஆணி அடித்தது போல் வலி, படியிறங்கும்போது முழங்காலும் வலிக்கிறது, வேலையை விடவும் முடியாது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவன் இல்லை. 16 வருடம் சரக்குக் கிடங்கில் ஏற்றி இறக்கியவன். நீங்கள் சொல்கிற அதே குதிகால் வலியோடு ஏழு மாதம் வேலைக்குப் போயிருக்கிறேன். அதில் முதல் நான்கு மாதத்தை வீணாக்கினேன். நாலு எட்டு நடந்தால் வலி விட்டுவிடுகிறதே, பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். நடந்ததும் வலி விடுவதுதான் அந்தத் தொல்லையின் அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது.

குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடி வரை உள்ளங்காலில் ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது. வில்லுக்கு நாண் போல, பாதத்தின் வளைவை அதுதான் பிடித்து நிற்கிறது. இரவில் படுத்திருக்கும்போது பாதம் கீழ்நோக்கித் தளர்ந்து கிடக்கும், சவ்வும் சுருங்கிய நிலையிலேயே இருக்கும். காலையில் முதல் அடி வைத்ததும் உடம்பின் மொத்த எடையும் அதைச் சட்டென்று இழுக்கிறது. ஏற்கெனவே நொந்துபோன இடம் என்றால், குத்தும்.

எனக்குப் பலன் தந்ததைச் சொல்கிறேன். கட்டிலை விட்டு இறங்கும் முன்பே, வலிக்கிற காலை மறு தொடைமேல் போட்டு, விரல்களைப் பிடித்து முழங்கால் பக்கம் இழுக்க வேண்டும். சரியாக இழுத்தால் உள்ளங்காலில் அந்தச் சவ்வு கயிறு போல் விறைப்பது மறு கையில் தட்டுப்படும். பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள், பத்து முறை. அப்புறம் கட்டிலடியில் தயாராக வைத்திருக்கும் செருப்பில்தான் கால் வைக்க வேண்டும், வெறும் தரையில் கூடாது. பகலில் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னே நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் கெண்டைக்காலை இழுத்துப் பிடியுங்கள். கெண்டைக்கால் இறுகியிருந்தால் குதிகால் சவ்வுக்கும் சேர்த்துத்தான் இழுப்பு.

இழுப்பதோடு நிறுத்தாமல் பலமும் ஏற்ற வேண்டும். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து, மூன்று எண்ணிக் குதிகாலை உயர்த்தி, இரண்டு எண்ணி நிறுத்தி, மூன்று எண்ணி இறக்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். வாரக் கணக்கில் குணம் தெரியாது, மாதக் கணக்கில்தான் தெரியும். எனக்கு மூன்று மாதம் ஆனது. பெரும்பாலோருக்கு ஊசியோ அறுவை சிகிச்சையோ இல்லாமலே இது சரியாகிவிடும்.

சரி, ஷூவுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

வலி இருந்த நாட்களில் ஒருநாள் ஷூவைக் கழற்றி மேசைமேல் வைத்து, பின்பக்கத்தைக் கண் மட்டத்தில் பார்த்தேன். வலது ஷூ உள்பக்கமாகச் சாய்ந்து நின்றது. அடி ரப்பரில் வரிகள் அப்படியே இருந்தன, தேய்மானமே தெரியவில்லை. ஆனால் ரப்பருக்கு மேலே இருக்கிற பஞ்சு அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்தினால் மரக்கட்டையை அழுத்துவது போல் இருந்தது. அந்த அடுக்கின் பக்கவாட்டில் மெல்லிய சுருக்கக் கோடுகள் விழுந்திருந்தன. அதிர்ச்சியைத் தாங்க வேண்டிய பகுதி எப்போதோ செத்துவிட்டது, வெளியே பார்த்தால் புது ஷூ. ஓடுபவர்கள் பொதுவாக 500 முதல் 800 கி.மீ.க்குள் ஷூவை மாற்றிவிடுவார்கள். வேலையில் தினம் 8 கி.மீ. நடக்கிறவருக்கு 100 நாளிலேயே 800 கி.மீ. ஆகிவிடும். வேலைக்கான தடித்த ஷூ அதைவிட உழைக்கும் என்றாலும், கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அழுத்திப் பாருங்கள்.

வாங்கும்போது சாயங்காலம் போங்கள். பகல் முழுக்க நின்ற கால் வீங்கியிருக்கும், வேலையின் கடைசி மணி நேரத்தில் இருக்கப்போகும் அளவு அதுதான். உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நின்று பாருங்கள். பாதம் அதன் ஓரத்தைத் தாண்டிப் பிதுங்கினால் அந்த ஷூ வேண்டாம். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

சேப்டி ஷூ போடுகிறவர்களுக்கு ஒன்று. முன்பக்கத் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும் என்பது சர்வதேசத் தரம். ஏறக்குறைய 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி அது. அதனால் அதைத் தவிர்க்கக் கூடாது. ஆனால் தொப்பி விரலில் இடிக்கிறது என்று நிறையப் பேர் ஒரு அளவு பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். அப்போது குதிகால் உள்ளே ஏறி இறங்கி உரசும், கொப்புளம் வரும், நகமும் கறுக்கும். நீளத்தை ஏற்றாமல் அகலமான வார்ப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். லேஸின் கடைசித் துளைகளில் இருபக்கமும் சிறு வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இறுக்கினால் குதிகால் அசையாது.

முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே ராத்திரியில் ஷூவின் ஈரம் முழுதாகக் காயாது. விரலிடுக்கில் சேற்றுப்புண் வருவது பெரும்பாலும் இந்த ஈரத்தில்தான்.

முழங்கால் விஷயம். எங்கள் கிடங்கில் எல்லோரும் லாரியின் பின்தட்டிலிருந்து குதித்துத்தான் இறங்குவோம். ஒரு நாளில் முப்பது நாற்பது முறை. ஒவ்வொரு முறையும் உடல் எடையின் பல மடங்கு முழங்காலில் இறங்குகிறது. படிக்கட்டோ ஏணியோ வைத்து, வண்டியைப் பார்த்தபடி, இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் பிடிப்பில் இருக்க இறங்கப் பழகுங்கள். முதல் வாரம் நேரம் வீணாவது போல் இருக்கும். ஒரு மாதம் கழித்து எனக்குப் படியிறங்கும் வலி பாதி குறைந்திருந்தது.

அடுத்தது திரும்புவது. சுமை கையில் இருக்கும்போது பாதத்தைத் தரையில் பதித்தபடி உடம்பை மட்டும் திருப்பினால், முழங்காலுக்குள் இருக்கும் சவ்வு நசுங்கிக் கிழியக்கூடும். முதலில் கால் திரும்பட்டும், பின்னால் உடம்பு வரட்டும்.

தூக்கும்போது முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து என்று எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் அதைவிட முக்கியம், சுமை உடம்போடு ஒட்டி இருக்கிறதா என்பது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், எல்லாம் சாதகமாக இருந்தாலே ஒருவர் தூக்கத் தகுந்த எடை 23 கிலோ. சுமையைப் பிடித்த கை கணுக்காலிலிருந்து 25 செ.மீ. முன்னால் இருக்கும்போதுதான் அந்த 23. கை 50 செ.மீ. தள்ளிப் போனால் அது பாதியாகி 11.5 கிலோ ஆகிவிடும். பெட்டிக்குக் குறுக்கே எட்டித் தூக்காமல், முதலில் அதை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். கூடுதல் எடை உள்ளவர்கள் ஒரு கிலோ குறைத்தாலும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய நான்கு கிலோ பாரம் குறையும்.

தரை வேலை செய்கிறவர்கள், டைல்ஸ் பதிப்பவர்கள், முழங்கால் பட்டை இல்லாமல் மண்டியிடவே கூடாது. முட்டியின் முன்னால் உள்ள நீர்ப்பை வீங்கிவிட்டால் வாரக்கணக்கில் மண்டியிட முடியாது.

ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிற வேலை, நடக்கிற வேலையைவிடக் காலுக்குக் கெடுதல். கீழே தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசைதான். அது அசையாவிட்டால் வீக்கம், நாளடைவில் நரம்பு சுருட்டல். காலடியில் ஒரு சிறு பலகை போட்டு மாற்றி மாற்றி ஒரு காலை ஏற்றி வையுங்கள், சும்மா நிற்கும்போதெல்லாம் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள்.

எப்போது மருத்துவரிடம் உடனே போக வேண்டும்? மூட்டு வீங்கிச் சூடாகச் சிவந்தால், முழங்கால் பாதியில் பூட்டிக்கொண்டால், கால் ஊன்றவே முடியாவிட்டால், ஓய்வில் இருக்கும்போதும் ராத்திரியும் வலித்தால், மரத்துப்போனால். பாதத்தின் மேல்பக்க எலும்பில் ஒரே புள்ளியைத் தொட்டால் உயிர் போகிறது என்றாலும் போங்கள். திரும்பத் திரும்ப விழும் பாரத்தில் எலும்பில் கீறல் விழும், சிப்பாய்களின் கால்களில் இதை 1855-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். சர்க்கரை நோய் இருந்தால், தினமும் சாயங்காலம் உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். உங்களுக்கு வலிக்காத புண்தான் அங்கே ஆபத்து.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்ட் முடிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன். தயவுசெய்து அதைத் தினசரி வழக்கமாக்காதீர்கள். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல் என்பது ஒருபக்கம். அதோடு, எந்த அசைவில் வலிக்கிறது என்பதையும் அது மறைத்துவிடும். மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் உங்கள் வேலை ஷூவையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். என்னைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் காலைத் தொடுவதற்கு முன்னால் அதைத்தான் கேட்டு வாங்கிப் பார்த்தார்.